முன்வரிசைப் பெரியவர் எழுந்து பேசட்டும்

1953 ஏப்ரல் மாதத்தில் சென்னை டிராம் ஓடி ஓய்ந்தது. கடைசி நாட்களில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறிய பத்து வயதுப் பையன் இன்று எண்பதைத் தாண்டியவர். 1895இல் தொடங்கி 58 ஆண்டுகள் ஓடிய அந்த வண்டியைப் பற்றி ஆவணங்களில் நிறையவே இருக்கிறது. தடங்களின் வரைபடம், கம்பெனியின் வரவு செலவு, தொழிலாளர் தகராறு, நஷ்டம், மூடல். முதலில் தரைக்கு அடியில் பதித்த குழாய்வழி மின்சாரம் தந்தார்கள், மழைக்காலத்தில் அது மூழ்கிப்போகவே மேலே கம்பி இழுத்தார்கள் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வளைவில் திரும்பும்போது பலகை இருக்கை எப்படிக் குலுங்கியது? அடைமழையில் ஓரத்து ஆள் எதைக்கொண்டு தலையை மறைத்துக்கொண்டார்? சில்லறை கொண்டுவராத பள்ளிப்பையனைக் கண்டக்டர் இறக்கிவிட்டாரா, போகட்டும் என்று விட்டாரா? டிராம் நின்ற மறுநாள் காலை அந்தக் குடும்பத் தலைவர் வேலைக்கு எப்படிப் போனார்? இவற்றுக்குப் பதில் எந்தக் கோப்பிலும் கிடையாது. எண்பதைத் தாண்டிய அந்த மனிதர்களிடம் மட்டும் இருக்கிறது. அவர்களில் பலர் ஆண்டில் ஒருமுறை, ஆகஸ்ட் மாதத்தில், மகனோ பேத்தியோ துணைக்கு வர, ஒரு கூட்ட அரங்கின் முன்வரிசையில் வந்து உட்காருகிறார்கள்.

அவர்களை உட்காரவைத்து அனுப்பிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

மூன்று பத்திரிகைக்காரர்களின் யோசனை

ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். 2004இல் இதைத் தொடங்கியவர்கள் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா. மூவரும் பத்திரிகைத் துறைக்காரர்கள். ஒரு நாளில் சில நிகழ்ச்சிகள் என்று ஆரம்பித்தது வாரமாக வளர்ந்து, இப்போது ஆகஸ்ட் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. சொற்பொழிவு, பழைய தெருக்களில் நடைப் பயணம், புகைப்படக் கண்காட்சி, தபால்தலைக் கண்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா என்று நகரம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், தலைமை அலுவலகம் என்று ஒன்றும் இல்லை. இடம் இருக்கிறவர்கள் இடம் தரலாம், விஷயம் தெரிந்தவர்கள் பேசலாம், ஆர்வம் உள்ளவர்கள் வந்து கேட்கலாம். இருபது ஆண்டுகளைத் தாண்டியும் இது உயிரோடு இருப்பதற்கு அந்தத் தளர்வான ஏற்பாடே காரணம் என்று நம்புகிறேன்.

முத்தையாவைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். 1930இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, கொழும்பில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ நாளிதழில் பணியாற்றி, 1968இல் சென்னைக்கு வந்தவர். வந்த ஊரைத் தெரிந்துகொள்ளக் கிளம்பியவர் 1981இல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ என்ற நூலைத் தந்தார். பதிப்புக்குப் பதிப்பு அது பருத்துக்கொண்டே போனது. 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழ் தொடங்கியது. ‘தி இந்து’வில் அவர் எழுதிய வாரப் பத்தியில் வாசகர் கடிதங்களுக்குத் தந்த இடம் கவனிக்க வேண்டியது. ஒரு வாரம் ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுவார். அங்கே வேலை பார்த்தவரின் மகள் வேறெங்கிருந்தோ கடிதம் போடுவார். அடுத்த வாரம் அந்தக் கடிதமே பத்தியாகும். 2019 ஏப்ரலில் அவர் மறையும் வரை இது நடந்தது. எழுதுகிறவனுக்கு வாசகன் சொல்லிக்கொடுக்கும் அந்த முறையைத்தான் சொற்பொழிவு அரங்குகள் அவரிடமிருந்து கற்றிருக்க வேண்டும்.

1639 ஒரு சாக்கு

ஒவ்வோர் ஆண்டும் எழும் சச்சரவு ஒன்று உண்டு. 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, துபாஷி பேரி திம்மப்பாவின் உதவியுடன், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கடலோர நிலத்தைப் பெற்றார் என்பதே இந்தத் தேதியின் அடிப்படை. கிடைத்திருக்கும் நகல்களில் ஜூலை 22 என்று இருக்கிறது. அந்தத் தேதியில் டே இங்கே வந்து சேர்ந்திருக்கவே இல்லை, ஆகவே ஆகஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். தேதியே இப்படி இழுபறி. அதற்கும் மேல், வெள்ளைக்காரக் கம்பெனிக்கு மணல்திட்டு கிடைத்த நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வி.

கேள்வி நியாயமானது. சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனது 7ஆம் நூற்றாண்டில். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. எழுமூர் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர். இன்னும் பின்னால் போனால், 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவில் பழங்கற்கால ஆய்வுக்கே வாசலைத் திறந்தது. 1639இல் ஊர் பிறக்கவில்லை. ஊர்களுக்கு நடுவே ஒரு கோட்டைக்கு இடம் பிடித்தார்கள், அவ்வளவே.

ஆனாலும் இந்தத் தேதியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்கள் ஒன்றுகூடித் தங்கள் ஊரைப் பற்றிப் பேச ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கு கிடைத்திருக்கிறது. பல்லாவரத்துக் கல்லைப் பற்றியும் அதே வாரத்தில் பேசலாம், பேசவும் செய்கிறார்கள்.

அரங்கில் நடப்பது

ஒரு வழக்கமான கூட்டம் இப்படித்தான் இருக்கும். மாலை ஐந்தரை அல்லது ஆறு மணி. நாற்பது, ஐம்பது நாற்காலிகள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், ஆசிரியைகள், கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள், கேமராவைத் தோளில் மாட்டிய இளைஞர்கள். விளக்கை அணைத்துத் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டதும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு எழும். அது எந்த இடம் என்று பேச்சாளர் சொல்வதற்கு முன்பே அங்கே பெயர் உதிர்ந்துவிடும்.

மூர் மார்க்கெட் படம் வந்தால் அந்தச் சலசலப்பு அடங்கவே அடங்காது. 1900இல் திறந்து, 1985 மே 30 அன்று தீப்பிடித்துப் போன சந்தை. செங்கல் சிவப்பில், நடுவே முற்றத்தோடு நின்ற அந்தக் கட்டடம் எரிந்தபோது இருபது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதில் இருக்கிறார்கள். எனவே இந்தப் பேச்சுக்குக் கூட்டமும் அதிகம், சாட்சிகளும் அதிகம். பழைய புத்தகக் கடையில் கைக்கு வந்த முதல் அகராதி, கூண்டுப் பறவை, கிராமபோன் இசைத்தட்டு, பேரம் பேசத் தெரியாமல் ஏமாந்த கதை என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். பேச்சாளர் கையில் இருப்பது கட்டடத்தின் வரலாறு. கடைகளின் வரலாறு எதிரே உட்கார்ந்திருக்கிறது. எந்த வரிசையில் எந்தக் கடை, யார் கடனுக்குப் புத்தகம் கொடுத்தார், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழித்துக்கொண்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த இடம் ரயில்வேக்குப் போய்விட்டது. புறநகர் ரயில் ஏறுமிடத்துக்கு ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்ற பெயர் மட்டும் மிச்சம். தினமும் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே ரயில் ஏறும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சந்தை இருந்தது தெரியாது.

உரை முடிந்ததும் “கேள்வி நேரம்” என்பார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டு, “தம்பி, நீங்க சொன்னது சரி. ஆனா ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பிப்பார். இரண்டு நிமிடம் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “சார், கேள்வி இருந்தா மட்டும் கேளுங்க, நேரமாச்சு” என்று குரல் வரும். பெரியவர் உட்கார்ந்துவிடுவார். அவர் சொல்ல வந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றாக இருக்கலாம். பேச்சாளர் சொன்னதோ பெரும்பாலும் அச்சில் வந்தது, நாளைக்கும் கிடைக்கும். எதை வெட்ட வேண்டும் என்பதில் நாம் தலைகீழாக முடிவெடுக்கிறோம்.

பேச்சாளர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. சம்பளம் வாங்காமல், சொந்தச் செலவில் ஆவணக் காப்பகத்துக்கும் நூலகத்துக்கும் அலைந்து, ஒரு மணி நேர உரைக்கு மாதக்கணக்கில் உழைக்கிறவர்கள் அவர்கள். வி. ஸ்ரீராம் போன்றவர்கள் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிராவிட்டால் நம்மில் பலருக்கு ஜார்ஜ் டவுன் என்பது நெரிசல் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் “இந்தியாவிலேயே முதல்”, “ஆசியாவிலேயே பழமையான” என்ற பட்டங்களில் பேச்சாளர்கள் காட்டும் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கைதட்டல் கிடைக்கும். அந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் யார் என்பது தெரியாமலே போகும்.

நினைவு தவறும் இடம்

பெரியவர்கள் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் வாதாடவில்லை. நினைவுக்குத் தன் போக்கில் தைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. எம்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுச் சில நிமிடங்களில் இருட்டில் மறைந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்துவைத்தது. உயர் நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இவ்வளவும் ஆவணம்.

இதைப் பற்றி உரை நடக்கும் இடத்தில், ஊரே காலியானது, மூட்டை முடிச்சோடு தாத்தா கும்பகோணத்துக்கு ரயில் ஏறினார் என்று யாராவது சொல்வதுண்டு. 1914இலும் பீதியில் கிளம்பியவர்கள் உண்டு. ஆனால் கொஞ்சம் துருவினால் பல வீடுகளில் அது வேறொரு பயணமாக இருக்கும். 1942 ஏப்ரலில் ஜப்பானியர்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியபோது, அவசியமில்லாதவர்கள் சென்னையை விட்டுப் போகலாம் என்று அரசே சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. வீடுகள் வந்த விலைக்குக் கைமாறின. மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த உயிர்க்காலேஜில், அதாவது மிருகக்காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். தாத்தா கிளம்பியது அப்போது. குடும்பக் கதையில் இரண்டு போர்களும் ஒன்றாகிவிட்டன.

இந்த இடத்தில்தான் பேச்சாளருக்கு வேலை இருக்கிறது. “தாத்தா கிளம்பும்போது உங்க அப்பாவுக்கு என்ன வயசு? எந்த வகுப்புல படிச்சார்?” என்று கேட்டால் ஆண்டு தானாக வெளிவந்துவிடும். கதை பொய்யாகாது, தன் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். அதோடு 1942இல் ஒரு சாதாரணக் குடும்பம் என்ன எடுத்துக்கொண்டு போனது, யாரை வீட்டுக் காவலுக்கு விட்டுப் போனது, எப்போது திரும்பியது என்ற விவரமும் கிடைக்கும். ஆவணத்தில் கிளம்பச் சொன்ன உத்தரவு இருக்கிறது, கிளம்பியவர்களின் திண்ணைப் பேச்சு இல்லை.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்பதும் தமிழர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. அதற்குச் சான்று இல்லை என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். இதை அரங்கில் சொன்னால் சிலர் முகம் வாடும். சொல்லத்தான் வேண்டும். ஜெர்மனியில் இருந்தபடி இந்திய விடுதலைக்கு அவர் உழைத்தது அந்தக் கப்பல் இல்லாமலே பெரிய செய்தி.

யாருடைய ஏக்கம்?

மெட்ராஸ் தினத்தின் இருபதாண்டு நிகழ்ச்சிப் பட்டியல்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சில இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோட்டை, புனித மேரி தேவாலயம், மவுன்ட் ரோடு, மயிலாப்பூர் மாடவீதி, சங்கீத சபைகள், பழைய சினிமா ஸ்டூடியோக்கள். எல்லாம் பேச வேண்டியவையே. ஆனால் உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நகரின் நடுவிலோ தெற்கிலோ, சில சமயம் நட்சத்திர ஓட்டல்களில் நடக்கின்றன. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு மில் தொழிலாளி அங்கே வந்து உட்காருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

அவர் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், ஊர் வாயில் பின்னி மில். அங்கே நெய்த காக்கித் துணிக்கு நாடெங்கும் பெயர். 1918 ஏப்ரல் 27 அன்று அந்த மில் தொழிலாளர்களுக்காகவே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா, திரு. வி. க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்நின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். அதோடு புளியந்தோப்பில் சாதியின் பெயரால் தொழிலாளர்கள் பிளந்து, வீடுகள் எரிந்து, துப்பாக்கிச் சூடும் நடந்த கொடுமை. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். மில் ஓடி ஓய்ந்தது 1996இல். கடைசி ஷிப்டில் முப்பது வயதில் வேலை பார்த்தவருக்கு இன்று அறுபது. டிராமைப் போல இன்னும் கைநழுவிவிடவில்லை. சங்கு ஊதும் நேரத்தை வைத்துத் தெருவே எப்படி எழுந்தது, சம்பள நாளன்று வாசலில் யார் யார் காத்திருந்தார்கள், மில் மூடிய மறுமாதம் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன செய்தார்கள் என்று இப்போது கேட்டால் பதில் வரும்.

1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலில் வந்திறங்கிய தமிழர்கள் இருக்கிறார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரும், தட்டில் வரும் அத்தோவும் அவர்கள் கொண்டுவந்தவை. ரங்கூனில் பிறந்து வியாசர்பாடியில் பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு இரண்டு நகரங்களின் ஏக்கம்.

கூவம் கரையிலிருந்தும் நகரின் மற்ற மூலைகளிலிருந்தும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விடப்பட்டவர்களை மெட்ராஸ் தினக் கூட்டங்கள் இன்னும் சரியாக அழைக்கவில்லை. பிறந்து வளர்ந்த தெருவைத் திரையில் கூடப் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் அவர்கள். நகரத்தைப் பற்றிய ஏக்கத்துக்கு அவர்களை விட உரிமை உள்ளவர் யார்? சிந்தாதிரிப்பேட்டை 1734 வாக்கில் நெசவாளர்களுக்காக உருவான ஊர் என்ற உரையைச் சிந்தாதிரிப்பேட்டையில் நடத்துவது போலவே கண்ணகி நகரிலும் நடத்த வேண்டும். அங்கே கேட்பவர்களில் சிந்தாதிரிப்பேட்டைக்காரர்கள் இருப்பார்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரங்கில் பாதிப் பேர் பெண்களாக இருந்தாலும் ஒலிவாங்கி அவர்கள் கைக்கு அரிதாகவே போகிறது. கவர்னர்களின் பெயரையும் ஆண்டுகளையும் சொல்வதுதான் வரலாறு என்ற எண்ணம் அரங்கில் நிலவும் வரை, நடுராத்திரி தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்தது, மண்ணெண்ணெய் க்யூ, மேட்னி ஷோவுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து போனது ஆகியவையெல்லாம் வரலாறா என்று அவர்கள் தயங்குவார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தலைப்பை மாற்றினால் ஆள் மாறும். ‘சென்னையின் குடிநீர்’ என்று ஒரு மாலை வைத்துப் பாருங்கள்.

ஏரி இருந்த தெரு

தண்ணீர் என்றதும் நிறைய பேசத் தோன்றுகிறது, ஏனென்றால் ஊர் நினைவு உயிரைக் காக்கும் இடம் அது.

பழைய வரைபடத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியைக் காணலாம். 1920களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் நுங்கம்பாக்கம் ஏரிதான். லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு, மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு என்று முகவரிகளில் ஏரி மிச்சம் இருக்கிறது. வடக்கே ஒரு கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் வெட்டியதில் தொடங்கி, 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினி மக்களின் கைகளால் நீண்டு, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் படகில் வந்திறங்கிய அந்த நீர்வழியில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது பலருக்கும் அது வானத்திலிருந்து விழுந்த ஆச்சரியம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு அப்படி இல்லை. எந்தத் தெருவில் வாய்க்கால் ஓடியது, எந்த மைதானத்தில் ஐப்பசி பிறந்தால் தண்ணீர் நிற்கும், எந்த மேட்டுக்கு மாடுகளை ஓட்டினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வரைபடத்தைத் திரையில் போட்டு, ஒவ்வொருவரையும் எழுந்து வந்து தன் வீட்டைச் சுட்டிக்காட்டச் சொல்லி, அங்கே சிறுவயதில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதினால், ஒரே மாலையில் ஒரு வட்டாரத்தின் நீர்வழி கிடைத்துவிடும். வீடு வாங்கப்போகும் இளம் தம்பதிக்கு அந்த ஒரு தாள் போதும்.

மதுரையில் மலைமேல் பாடம்

அரங்கமே வேண்டாம் என்று காட்டியவர்கள் மதுரைக்காரர்கள். 2010இல் யானைமலைக்கு ஆபத்து வந்தபோது எழுந்த எதிர்ப்பை ஒட்டி, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை, சமணர் படுகைகளும் தமிழி கல்வெட்டுகளும் இருக்கும் மலைகளுக்கு விடுமுறை நாள் காலையில் மக்களைக் கூட்டிப்போகிறது. தொல்லியலாளர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையருகே நின்று தமிழில் விளக்குகிறார்கள். குழந்தைகள் முன்னே உட்கார்ந்து கேட்கிறார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து காலை உணவு. மலையடிவாரத்து ஊர்க்காரர்களும் வந்து கலந்துகொள்கிறார்கள். கல்வெட்டு என்ன சொல்கிறது என்று அறிஞர் சொல்ல, அந்த மலையில் எந்தச் சுனை கோடையிலும் வற்றாது என்று ஊர்க்காரர் சொல்கிறார். கிரானைட் குவாரிகள் மலைகளைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் அந்த மலைகளைத் தங்கள் மலைகளாக மக்கள் பார்க்கத் தொடங்கியதில் இந்த நடைக்குப் பங்குண்டு.

சென்னையின் பேட்டைகளுக்கு இது பொருந்தும். தமிழில் பேச விஷயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நரசய்யாவின் ‘மதராசபட்டினம்’ இருக்கிறது. அசோகமித்திரன் ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ எழுதித் தந்திருக்கிறார். இடத்துக்கும் பஞ்சமில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் வந்த 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் பயனாக ஒவ்வொரு வட்டாரத்திலும் கிளை நூலகம் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சாயங்காலம் பத்திரிகை படிக்க வரும் பெரியவர்கள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதே மேசையைச் சுற்றி மாதம் ஒரு கூட்டம் நடத்த என்ன தடை?

நடத்த நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். பேச்சாளருக்கு முப்பது நிமிடம், கேட்பவர்களுக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். அழைப்பிதழிலேயே அப்படி அச்சிடுங்கள். வருகிறவர்களைப் பழைய புகைப்படம், ரேஷன் கார்டு, சினிமா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கேயே செல்பேசியில் படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆராய்ச்சிக்கு என்று வாங்கிப் போன ஆல்பம் திரும்பி வராத வீடுகள் நிறைய. பேசுகிறவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, வாழ்ந்த தெரு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற நான்கையும் முதலிலேயே சொல்லச் சொன்னால் பின்னால் வருகிற ஆராய்ச்சியாளர் உங்களை வாழ்த்துவார். நடுவில் திருத்தாதீர்கள். தவறு என்று பட்டால் குறித்துக்கொண்டு பிறகு சரிபாருங்கள்.

சேர்த்ததை எங்கே வைப்பது என்ற கவலை வேண்டாம். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒருவர், கோட்டையூரில் தன் வீட்டில் நூலும் இதழும் நோட்டீசுமாகச் சேர்த்துவைத்துப் போனார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. அதுதான் இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரு தனி மனிதரின் வீட்டுச் சேகரம் தமிழாய்வுக்கே அடித்தளமானது என்றால், ஒரு பேட்டையே சேர்ந்து சேகரித்தால் எவ்வளவு கிடைக்கும்!

இன்னும் ஒன்று. பேச்சாளருக்குச் சால்வை போர்த்தி, நன்றியுரை சொன்னதும் ஒலிப்பதிவை நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்தாதீர்கள். டீயும் பிஸ்கட்டும் வரும் அந்த அரை மணி நேரத்தில்தான், ஒலிவாங்கியைப் பார்த்துக் கூச்சப்பட்ட அம்மா பேச்சாளரின் பக்கத்தில் வந்து நிற்பார். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.